ஒக்சலேட் உறிஞ்சும் ஐயா

கொஞ்ச நாளாக, பனிநாட்டில் குடியேறிய அம்மருட் பகுதித் தமிழருக்கு ஒரே எதிரிதான். பெயர் ஒக்சலேட், சிறுநீரகத்தில் கல்லாகிற உப்பு. வயிறு ஊதினால் ஒக்சலேட். மூத்திரம் கடுத்தால் ஒக்சலேட். மருமகள் முகம் கொடுத்துக் கதைக்காவிட்டால் அதுவும் ஒக்சலேட். நகரத்துக் குறொன்லாண்ட் கடைகளில் பசளிக்கீரை கேட்பாரற்று வாடிக் கிடந்தது.

இந்த எதிரியைக் கண்டுபிடித்தவர் திராமன் நகரில் இருந்து வரும் ஞானவடிவேல் ஐயா. இணையத்தில் நாலு காணொளி பார்த்துவிட்டு ஐந்தாவதைத் தானே போட்டவர். ஞாயிறு தோறும் மாடிக் கட்டடத்துக் கூட்ட அறையில் இருந்து, செப்புக் குழலை நோயாளியின் வயிற்றில் வைத்து உறிஞ்சிக் கல்லெடுப்பார். கண்ணைச் சிவப்புத் துணியால் கட்டிக்கொள்வார். உறிஞ்சி முடியும்வரை வாய் திறந்து பேசமாட்டார், மௌனமாம். அந்த வாய்க்குப் பேசுவதைவிட முக்கியமான வேலை இருந்தது.

சூசைரட்ணத்துக்கு முதுகில் குத்து, மூத்திரத்தில் எரிவு. டாக்குத்தர் ஸ்கான் எடுக்க நாள் குறித்துக் கொடுத்திருந்தார். மனிதர் அதை ரத்துச் செய்துவிட்டு ஐயாவிடம் போனார். ஐயா மூன்று கல் எடுத்தார். கீரை கூடாது, கச்சான் கடலை கூடாது, பால் தயிர் கூடவே கூடாது, தண்ணீரைக் குறைக்கவேண்டும், குடித்தால் கல் ஊறிப் பெருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். சூசைரட்ணம் பக்தியோடு காய்ந்தார்.

குழலின் கீழ்நுனியை வயிற்றில் பிடிக்கவேண்டியது நோயாளியின் துணை. அதனால் அன்று பிடித்தவர் மனைவி யோசெப்பின். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்:

"இஞ்சை பாருங்கோ, குழல் வாயிலை என்ரை விரல் பட்டது. ஒரு சொட்டும் இழுக்கேல்லை."

"உனக்கு ஒக்சலேட் இல்லை. அதுதான் இழுக்கேல்லை."

இப்படி ஒரு பதிலுக்கு மேல் என்ன கதைப்பது? யோசெப்பின் யோசித்தார்.

அடுத்த ஞாயிறு காலை சூசைரட்ணத்துக்குக் காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. "அவசர டாக்குத்தரிட்டை, லேகவக்துக்குப் போவம், எழும்புங்கோ" என்றார் யோசெப்பின்.

"தாய்க்கல்லு உள்ளுக்குள்ளை நிக்குதாம். ஐயா எடுத்தால் காய்ச்சல் இறங்கும்."

"சரி, போற வழிதானே. உங்கடை ஐயா பொய்யெண்டு கண்டால் அங்கையிருந்து நேரே லேகவக்த். சம்மதமோ?"

"ஓம்."

அறை நிறையச் சனம். "தம்பி, அவர் தெய்வம்" என்று உதயகுமாரி அக்கா வழிவிட்டார். அவருக்கு வாரம் தவறாமல் கல் வரும். அவ்வளவு கல்லையும் அவர் எங்கே வைத்திருந்தார் என்று அவரே கேட்டுப் பார்த்ததில்லை.

சூசைரட்ணம் பாயில் படுத்தார். ஐயா கண்ணைக் கட்டினார், குழலை வாயில் வைத்தார். யோசெப்பின் கீழ்நுனியைப் பிடித்தார். பிடித்தபடியே மறுகையால் தன் கடைப்பையை இழுத்து, உள்ளே இருந்த உருண்டைப் பச்சை வத்தகப்பழத்தின் மேல் குழல் நுனியை வைத்தார். சனத்தைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

ஐயா உறிஞ்சினார். உடம்பு நடுங்க, கழுத்து நரம்பு புடைக்க உறிஞ்சினார். பித்தளைத் தட்டில் துப்பினார். டிங். டிங்.

"ஐயா, கண்கட்டைக் கழட்டுங்கோ."

கழற்றினார். பழத்தைப் பார்த்தார். பழமும் அவரைப் பார்த்தது.

"வத்தகப்பழத்துக்கு எந்த இடத்திலை மூத்திரம் கடுக்குதாம், ஐயா?"

அறை வெடித்துச் சிரித்தது. வீட்டில் மீன் வளர்க்கும் லோறன்ஸ் தட்டைத் தூக்கிப் பார்த்தார். "அட, இது மீன்தொட்டிக் கல்லெல்லோ! என்னட்டையும் ஒரு பை கிடக்கு."

"அது... அதிர்வு மாறிப் பாய்ஞ்சிட்டுது" என்றார் ஐயா. மௌனம் கலைந்துவிட்டது. சொல் மட்டும் ஒரு கன்னத்தால் வந்தது.

"எங்கை, வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றார் யோசெப்பின்.

ஐயா திறக்கவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அந்த அறையில் முதல்முறையாக ஒரு கல் உண்மையிலேயே ஒரு வயிற்றுக்குள் போனது. அடுத்த நிமிடம் குழலும் தட்டும் கிடக்க, ஐயாவைக் காணவில்லை.

சூசைரட்ணம் பாயில் இருந்தபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் காய்ச்சலைவிடச் சுட்டது. "வாங்கோ" என்று யோசெப்பின் கைகொடுத்து எழுப்பினார்.

லேகவக்தில் பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உண்மையான கல் ஒன்று சிறுநீர்க் குழாயை அடைத்து நின்றது. பின்னால் கிருமி. இன்னும் பிந்தியிருந்தால் உயிருக்கே மோசம் என்றார் டாக்குத்தர். அடைப்பை நீக்கினார்கள், காய்ச்சல் இறங்கியது. பிறகு அவர் ஆறுதலாகச் சொன்னதை யோசெப்பின் தமிழில் சொன்னார்:

"ஒக்சலேட் கீரையிலை, பாதாமிலை, பீற்றூட்டிலை இருக்குத்தானாம். கண்டபடி அள்ளாமல், தயிர், பாலோடை சேர்த்துச் சாப்பிட்டால் குடலுக்குள்ளையே கல்சியத்தோடை கட்டுப்பட்டு வெளியிலை போயிடுமாம். தண்ணி நிறையக் குடிக்கட்டாம். உங்கடை ஐயா எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லியிருக்கிறார்."

சூசைரட்ணம் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

வீட்டுக்கு வந்த அன்றே உதயகுமாரி அக்காவின் தொலைபேசி அழைப்பு. "தம்பி, அந்தாள் கள்ளன்தான். இப்ப வேறை ஒருத்தர் வந்திருக்கிறார். இவர் காதிலை குழல் வைச்சு எடுக்கிறாராம்!"

"அக்கா, காதிலையும் வைக்கட்டும், காலிலையும் வைக்கட்டும்" என்றார் சூசைரட்ணம். "தலைக்குள்ளை இருக்கிறதை மட்டும் உறிஞ்ச விடாதேங்கோ. அது போனால் எந்த ஆஸ்பத்திரியிலும் திருப்பி வைக்கமாட்டினம்."