ஜி தெருக் குப்பைத்தொட்டியில் வாக்குச்சீட்டு மீட்ட படலம்

வாழ்க! தூசுறிஞ்சிப் பொறிகளின் துயர்துடைத்த தூயோன், அறுந்த வார்ப்பட்டைக்கு அபயம் ஈந்த அண்ணல், அடைத்த குழாய்க்குள் கைவிட்டுப் பூனைமயிரும் ஒற்றைக் காதணியும் ஒருங்கே மீட்ட பெருங்கரத்தன், கலிஃபோர்னியத்து நடுச்சமவெளியில் ஆர்டோனா மாநகரின் ஜி தெருவும் ஆறாம் தெருவும் சந்திக்கும் மூலையை முப்பத்தோராண்டு கட்டிக்காத்த காவலன், அசோரெஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த பாட்டனாரின் பிடிவாதத்தைச் சற்றும் குறையாமல் ஏற்றுக்கொண்ட பேரன், தொந்தி முன்னே கட்டியங்கூறத் தான் பின்னே எழுந்தருளும் லியோனெல் சில்வேரா வாழ்க! மாநகர் என்றேனே, அது காவிய மரபுக்காகச் சொன்னது. ஊரில் பன்னிரண்டாயிரம் பேர்தான் இருக்கிறார்கள்.

கதை தடையின்றி நடக்க நகரசபை மண்டபத்து ஒலிபெருக்கியை முதற்கண் வணங்குகிறேன். அது பாதி நாள் வேலை செய்யாது. இருந்தாலும் வணங்கித்தான் ஆகவேண்டும்.

போருக்கு மூலம் ஒரு பெண். காவியங்களில் அப்படித்தான், ஆனால் இவளை யாரும் கவர்ந்து செல்லவில்லை. கவர்ந்து செல்லத் துணிந்தவன் பிறக்கவும் இல்லை. மார்லா கெட்டரிங் என்னும் திருப்பெயராள், குறுங்கூந்தலாள், கோப்பேந்திய கையினாள், கூட்டம் கூட்டக் களைப்பறியாள், ஆறாண்டுக்கு முன் சான் ஹோசேயிலிருந்து வந்து பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கி அதன் பணப்பெட்டக அறைக்குள்ளேயே ஒயின் ஊற்றி விற்கும் வணிகச்செல்வி, ஒருநாள் தன் வாசலில் கிடந்த பாதி தின்ற பீட்சாவைக் கண்டு சினந்து ஒரு சபதம் செய்தாள். ஜி தெருவில் கட்டடம் வைத்திருப்போர் அனைவரும் ஆண்டுதோறும் சொத்துவரியோடு ஒரு தனித்தொகை கட்ட வேண்டும். அதைக்கொண்டு ஊதாச்சட்டை ஆட்களை அமர்த்தித் தெருவைக் கூட்ட வேண்டும், குப்பை அள்ள வேண்டும், விளக்குக் கம்பங்களில் பூந்தொட்டி தொங்கவிட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு வணிக மேம்பாட்டு வட்டம் என்று பெயர்.

வட்டம் அமைய வேண்டுமா வேண்டாமா என்பதைக் கட்டடக்காரர்களே வாக்களித்துத் தீர்மானிக்கலாம். ஆளுக்கொரு வாக்கு என்பதெல்லாம் சாதாரணத் தேர்தலில் நடப்பது. இங்கே எவன் எவ்வளவு கட்டுவானோ அவன் வாக்கு அவ்வளவு கனக்கும்; தொகையோ, கட்டடம் தெருவைப் பார்த்து எத்தனை அடி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நம் நாயகனின் கட்டடம் மூலையில் இருப்பதால் இரண்டு தெருவைப் பார்த்து நூற்று நாற்பது அடி நின்றது. இத்தனை காலம் ஒரு வாடிக்கையாளனையும் கூடுதலாகக் கொண்டுவராத அந்த இரண்டாவது முகம் இப்போது வரி கேட்டு வந்து நின்றது.

லியோனெல் கொதித்தான். கொதிப்புக்குள் பயமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதைசொல்லிக்கு அழகில்லை. இந்தக் காலத்தில் தூசுறிஞ்சியை யார் பழுதுபார்க்கிறார்கள்? கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். அவன் பங்கென்று குறித்திருந்த தொகை, கடை ஒரு மாதம் முழுக்க நன்றாக ஓடினால் கிடைப்பது. அதைக் கொண்டுபோய்ப் பூந்தொட்டியில் கொட்டினால் மனைவி ஒடெட்டேயின் பல்வைத்தியம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். ஏற்கெனவே இரண்டு வருஷம் தள்ளிப்போயிருந்தது.

ஆகவே எழுந்தான் வீரன். நாற்பத்தைந்து நாள் சமர். கதவு கதவாகச் சென்றான், கண்ணாடி கண்ணாடியாகச் சுவரொட்டி ஒட்டினான், முடிதிருத்துவோனை முடிவெட்டும்போதே பிடித்தான், சவப்பெட்டிக் கடைக்காரரைச் சவ ஊர்வலத்தின் நடுவே மறித்தான், "நகரசபை வேலையை நகரசபை செய்யட்டும், ஒரே வேலைக்கு ரெண்டு வரி கட்ட நான் என்ன கேனையனா?" என்ற அறைகூவலைச் செருப்புக்கடை முதல் செல்லப்பிராணிக் கடை வரை முழங்கினான். சீட்டை மறக்காமல் போடுங்கள், கையெழுத்தை மறக்காமல் போடுங்கள் என்று சந்தித்த ஒவ்வொருவரிடமும் மும்முறை சொன்னான். அவன் மைத்துனன் திபேரியோ, நீரிறைக்கும் பம்ப் விற்று ஓய்வுபெற்றவன், காகிதத் துவாலையில் கணக்குப் போட்டுக் காட்டினான்: எதிர்ப்பு எண்ணூற்று ஐம்பத்தோரடி, ஆதரவு எண்ணூற்று நாற்பதடி. லியோனெலின் நூற்று நாற்பதையும் சேர்த்துத்தான் அந்த வெற்றி.

ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, வெளியே வெயில் நூற்றிரண்டு டிகிரியில் நின்று எரிய, நகரசபை மண்டபத்தில் இரு சேனையும் அணிவகுத்தன. வலப்பக்கம் மார்லாவும் லினன் சட்டைக்காரர்களும். இடப்பக்கம் லியோனெலும் தொப்பிக்காரர்களும். மேயர் எஸ்கலாண்டே சுத்தியலைத் தட்டி, ஊராரின் கருத்துக்கேட்பை முடித்துத் தாம் மறுபடி தட்டும் வரை சீட்டுகள் ஏற்கப்படும் என்றும், அதன்பின் கடவுளே கொண்டுவந்தாலும் ஏற்கப்படாது என்றும் அறிவித்தார்.

அப்போது ஒடெட்டே கணவன் பக்கம் சாய்ந்தாள்.

"ஏங்க, நம்ம சீட்டை என்னைக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

"எந்தச் சீட்டு?"

"வெள்ளைக் கவர்ல வந்துச்சே. கவுன்ட்டருக்குக் கீழ, உங்க தபால் பெட்டியிலதான் போட்டு வச்சேன்."

நாயகன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். தபால் விஷயத்தில் அவனுக்கு ஒரு விரதம் உண்டு. கவுன்ட்டருக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியில் வருவதெல்லாம் சேரும். பெட்டி நிறைந்ததும், பிரித்துப் பாராமல், மூலையில் நிற்கும் நகரசபைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிடுவான். அதிலும் 'அதிகாரபூர்வ ஆவணம் உள்ளே' என்று கொட்டை எழுத்தில் கத்துகிற கவர் என்றால் கடனட்டை விளம்பரம் என்பது அவன் அசையாத நம்பிக்கை. வாக்குச்சீட்டு வந்த கவரும் அப்படியேதான் கத்திக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் சீட்டைப் போடு சீட்டைப் போடு என்று அலறித் திரிந்த வீரன், தன் சீட்டை ஒன்பது நாளைக்கு முன் போட்டுவிட்டிருந்தான், குப்பையில்.

மாற்றுச்சீட்டு வேண்டுவோர் முதல்நாள் ஐந்து மணிக்குள் கேட்டிருக்க வேண்டும். மிச்சமிருந்தது ஒரே நம்பிக்கை: நகரசபையின் ஒற்றைக் குப்பைலாரி பத்து நாளாகப் பட்டறையில் படுத்திருந்தது. அதைப் பற்றி லியோனெலே நான்கு புகார்க் கடிதம் எழுதியிருந்தான்.

"நான் வர்ற வரைக்கும் பேசு," என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டு எழுந்தான்.

"மூணு நிமிஷந்தான் மச்சான் குடுப்பாங்க," என்றான் திபேரியோ.

அப்போது நிகழ்ந்தது ஓர் ஈகை. தொப்பிக்காரர் ஐவர், ஒருவர் பின் ஒருவராக எழுந்து, தத்தமக்குரிய மும்மூன்று நிமிடங்களைத் திபேரியோவுக்குத் தாரைவார்த்தனர். ஆகமொத்தம் பதினெட்டு நிமிடம். வாழ்நாளெல்லாம் கேட்க ஆளின்றி வாடிய திபேரியோ, கண்கலங்கி ஒலிபெருக்கியைப் பற்றினான்.

ஓடினான் லியோனெல்! அறுபத்துமூன்று வயதும் நூற்றைந்து கிலோவும் உடைய அந்த மலை, தார் உருகும் வீதியில், ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப்பைப் பேனாவைக் காத்துக்கொண்டு, மூன்று தெரு தாண்டி மூச்சிரைக்க வந்து நின்ற இடத்தில், ஒன்பது நாள் உண்டு ஒன்றும் கழியாத அரக்கனைப்போல், வாய்வழியும் விளிம்புவழியும் பிதுங்கி, மஞ்சள் குளவிப்படை சூழ, நாற்றமே கவசமாக வீற்றிருந்தது தொட்டி. எதிர்ச்சாரியில் மார்லாவின் மதுக்கடை நிழற்குடைகளின் கீழ் அமர்ந்திருந்தோர் கிண்ணங்களைக் கீழே வைத்தனர். ஒருவர் செல்பேசியை எடுத்தார்.

தொட்டியின் வாயோ முழங்கை அகலம், மூடியோ பூட்டியிருந்தது. நாயகன் கைநுழைத்தான். முதல் அடுக்கில் குளிர்காப்பிக் கோப்பைகள் எதிர்த்தன, அவற்றைச் சிதறடித்தான். இரண்டாம் அடுக்கில் டாக்கோ ரொட்டி சுற்றிய தாள்களும் எலுமிச்சைத் தோல்களும் வழிமறித்தன, வாரி எறிந்தான். மூன்றாம் அடுக்கில் குழந்தை அணையாடை ஒன்று, யார் பெற்ற பிள்ளையினதோ, கைக்குள் கனிந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடந்தான். குளவி ஒன்று கழுத்திலும் ஒன்று காதிலும் கொட்ட, போர்த்துகீசிய மொழியில் பாட்டனார் மாடுகளுக்காக வைத்திருந்த சொற்களையெல்லாம் ஒருமுறை உச்சரித்தான். நடுப்போரில், தோள்வரை கை உள்ளே இருக்க, தொப்பியணிந்த பயணி ஒருவர் "கொஞ்சம் மன்னிச்சுக்கங்க" என்று பணிவாகச் சொல்லி, உருகிய ஐஸ்கிரீம் கிண்ணத்தை அவன் கைக்கு மேலேயே போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கணத்தில், 'இந்தக் கருமத்தை எவனாவது ஒருத்தன் தினமும் அள்ளக் கூடாதா' என்று அவன் நெஞ்சு கேட்டது. உடனே, அள்ளியிருந்தால் சீட்டு போயிருக்குமே என்பதும் உறைத்தது. இரண்டும் சேர்ந்து ஒரே மனிதனுக்குள் நிற்க இடமில்லாததால் அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டுத் தோண்டினான்.

எட்டாம் அடுக்கில் அகப்பட்டது! வெண்ணிறக் கவர், பாலாடைக்கட்டிக் குழம்பு படிந்து மஞ்சளாகியிருந்தாலும் பிரியாத கவர், 'அதிகாரபூர்வ ஆவணம் உள்ளே' என்று இன்னமும் கத்திக்கொண்டிருந்த கவர். தொட்டிமேலேயே வைத்துக் கிழித்து, வேண்டாம் என்ற கட்டத்தில் காகிதம் கிழியுமளவு பெருக்கற்குறி இட்டுக் கையெழுத்தும் இட்டு, வந்த வழியே திரும்பினான். நிழற்குடைக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

மண்டபத்தில் திபேரியோவின் நிலை பரிதாபம். புறாக்களின் எச்சம் பற்றி மூன்று நிமிடம், தன் முழங்கால் அறுவைசிகிச்சை பற்றி ஐந்து, வெள்ளம் வந்த வருஷத்து ஊர்வலம் பற்றி நான்கு, மார்லாவின் கடையில் ஒரு கிண்ணம் விற்கும் விலைக்குத் தன் இளமையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம் என்பது பற்றி நான்கு என்று அள்ளி இறைத்தவனுக்கு, இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது சரக்கு தீர்ந்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறை. மேயரின் கை சுத்தியலை நோக்கி நகர்ந்தது. கதவைப் பார்த்தான், மச்சானைக் காணோம். அப்போது அவன் நெஞ்சை நிமிர்த்தி, குரலை உயர்த்தி, ஆர்டோனா இதுவரை கேளாத பிரகடனத்தைச் செய்தான்.

"இந்தத் தெருவைக் கூட்ட ஊதாச்சட்டை எதுக்கு? எங்க மச்சான் லியோனெல் இருக்காரு. நாளையிலேருந்து தெனம் காலையில ஆறு மணிக்கு, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் அவரே கூட்டுவாரு. தொட்டியையும் அவரே அள்ளுவாரு. ஒரு டாலர் வேணாம். இது எங்க குடும்பத்து வாக்கு. எழுதிக்கங்கம்மா."

செயலாளரம்மாள் எழுதிக்கொண்டார். அதற்குத்தானே சம்பளம்.

சுத்தியல் உயர்ந்தது. கதவு திறந்தது. குளவி கொட்டி வீங்கிய காதும், பாலாடைக்கட்டிக் குழம்பு ஒழுகும் முழங்கையுமாக, நாற்றம் முன்னே பாதைவகுக்க நுழைந்தான் லியோனெல். கூட்டம் தானாகப் பிளந்து வழிவிட்டது. செயலாளரம்மாள் சீட்டை இரண்டு விரல் நுனியால் வாங்கி, முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு பெட்டியில் இட்டார். சுத்தியல் விழுந்தது. எண்ணி முடித்தபோது எண்ணூற்று ஐம்பத்தொன்றுக்கு எண்ணூற்று நாற்பது. வட்டம் வீழ்ந்தது! தொப்பிகள் கூரையைத் தொட்டன. மூவர் நாயகனைத் தோளில் தூக்க ஓடிவந்து, அருகே வந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டனர். லியோனெல் ஒடெட்டேயைப் பார்த்துத் தன் பல்லைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். அவளும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மார்லா எழுந்து வந்தாள். முகத்தில் தோல்வியின் சுவடே இல்லை.

"லியோனெல் அண்ணே, ஜெயிச்சிட்டீங்க, ஒத்துக்கறேன். காலையில ஆறு மணிக்கு எங்க வாசல்லேருந்தே ஆரம்பிச்சிடுங்க. இன்னைக்கு எங்க கடையில கூட்டம் ஜாஸ்தி."

அவனுக்கு விளங்கவில்லை. மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பை உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் வலப்பக்கம் எழுந்து நின்று கைதட்டியது. இடப்பக்கம் அதைவிட பலமாகத் தட்டியது. சவப்பெட்டிக் கடைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றித் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. லியோனெல் மைத்துனனைப் பார்த்தான். மைத்துனன் கூரையைப் பார்த்தான். லியோனெல் மறுக்க வாய் திறந்தான். எண்பது பேர் தட்டும் ஒலியில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"குடும்பத்து வாக்குன்னு சொல்லிட்டான்ல," என்றாள் ஒடெட்டே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு லியோனெல் ஜி தெருவைக் கூட்டினார்.