செரிப்படாது அண்ணாச்சியின் வீட்டு வண்டி

படைத்தவனே நேரில் வந்து, சொர்க்கத்தில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தாலும், அதை ஒரு சுற்று சுற்றிவந்து, மூக்கைச் சுளித்து, "செரிப்படாது" என்று சொல்லிவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் வடசேரித் தெருவில் குடியிருந்தார். மரக்கடையில் மேஸ்திரி வேலை. அவருடைய சொந்தப் பெயர் கடை முதலாளிக்காவது ஞாபகமிருந்ததா என்பது சந்தேகம். தெருவுக்கு அவர் செரிப்படாது அண்ணாச்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது. நான் எதிர் வீட்டு மாடியறையில் தனிக்கட்டையாகக் குடியிருந்தேன். அண்ணாச்சியின் மனைவியை மதினி என்று கூப்பிடுவேன். பிள்ளையில்லாத வீடு. பாதி நாள் எனக்கும் சேர்த்தே உலை வைப்பாள். அவள் கை உளுந்தஞ்சோற்றுக்குப் பிறகு வேறு எங்கே தின்றாலும் எனக்கு ஒரு குறை தோன்றும், இன்றைக்கும் தோன்றுகிறது.

அந்த மதினிக்கு நெஞ்சில் நோய் வந்தது. இருமினால் துணியில் ரத்தம். டாக்டர் மருந்து கொஞ்சம் கொடுத்து, காற்று நிறைய வேண்டும் என்றார். வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல், ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்றில் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்பது அவர் யோசனை.

அண்ணாச்சி அங்கே வாடகைக்கு வீடு பார்க்கக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போவார், வெறுங்கையோடு வருவார். ஒரு வீட்டில் கிணறு சரியில்லை. இன்னொன்றில் பக்கத்து வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுகிறதாம். எல்லாம் பொருந்திய ஒரு வீட்டையும் வேண்டாமென்று வந்தார். காரணம் கேட்டேன்.

"வீட்டுக்காரரு ஆளு ரொம்ப ஒசரம், மக்கா. நிமிந்து நிமிந்து பேசினா நம்ம கழுத்து என்னத்துக்கு ஆவும்?"

தெருவே சிரித்தது. மதினி படுத்த இடத்திலிருந்தே அவரை வறுத்து எடுத்தாள். மகாராஜாவிடம் சொல்லி அரண்மனையைக் காலி பண்ணித்தரச் சொல்லுங்கள் என்றாள்.

கடைசியில் அண்ணாச்சி, வீடே வேண்டாம், வீட்டை நாமே கொண்டுபோவோம் என்று முடிவு கட்டினார். மரக்கடைக் கொட்டகைக்குள் வைத்து வண்டி ஒன்று கட்ட ஆரம்பித்தார். சாதாரணக் கூண்டு வண்டி இல்லை. உள்ளே பலகைக் கட்டில், தலைமாட்டில் மருந்து வைக்க மாடம், பாத்திரங்கள் உருளாமலிருக்க அழித் தடுப்பு. பின்பக்கப் பலகையை இறக்கினால் அடுக்களை. மதினி படுத்தபடியே வெளியே பார்க்க ஒரு சன்னல். தேக்கை இழைத்து இழைத்துச் செய்தார். வண்டி முடிந்தது. அப்போதுதான், கொட்டகை வாசலைவிட வண்டி ஒரு முழம் அகலம் என்று தெரிந்தது.

மரத்தை அளந்தே வயிறு வளர்த்த மனிதர் செய்த காரியம் இது. தெரு மொத்தமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. அண்ணாச்சி வண்டியைப் பார்க்கவில்லை. வாசலை மேலும் கீழும் பார்த்தார். "வாசல் செரிப்படாது" என்றார். சுவரை இடித்துத்தான் வண்டி வெளியே வந்தது.

காற்றுக்காலம் தொடங்கியதும் புறப்பட்டோம். வண்டி ஓட்டப் பேசியிருந்தவன் நோயைக் கேள்விப்பட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போனதால் அண்ணாச்சியே ஓட்டினார். ஒத்தாசைக்கு நான். அந்தக் கனத்துக்கு மாடுகள் ஒழுகினசேரிக்குள்ளேயே நுரை தள்ளின. இடப்பக்கத்து மாடு நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தது. மதினிக்கும் குலுக்கல் தாங்கவில்லை. நிழல் கண்ட இடத்தில் இறங்கி இளைப்பாற வேண்டியிருந்தது.

வெள்ளமடத்தில் நல்ல மாந்தோப்பு ஒன்று. அண்ணாச்சி வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போனார். தோப்புக்காரரிடம் ஏதோ பேசினார். திரும்பி வந்து, "செரிப்படாது. ஒரே எறும்பு" என்றார்.

"எறும்புக்குப் பயந்த ஆளு வீட்டவிட்டு எறங்கியிருக்கப்பிடாதுல்லா" என்று உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது.

தோவாளையில் பூந்தோட்டத்தை ஒட்டி ஒரு களம். மேலே புளிய நிழல், பக்கத்திலேயே தண்ணீர். அண்ணாச்சி போனார், வந்தார். பிச்சிப்பூ வாசம் தலையிடி கொடுக்குமாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. மதினி இருமி இருமி ஓய்ந்து கிடக்கிறாள், இந்த மனிதருக்குப் பூ வாசம் ஆகவில்லையாம். நானே பேசி முடிக்கிறேன் என்று களத்துக்காரரிடம் விறுவிறுவென்று போனேன்.

அவர் கெட்டவரில்லை. என்னைப் பார்த்ததும் சங்கடத்தோடு எழுந்து நின்றார்.

"அவருகிட்டதான் சொன்னேனே தம்பி. இருமுக ஆளு வண்டியில உண்டும்னா இங்க செரியாவாது. பிள்ளையொ இருக்கப்பட்ட எடம். கோவிச்சிக்கிடாதீங்கோ."

சேவலும் கிணறும் அந்த ஒசரமான வீட்டுக்காரரும் அப்போது எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒரு இடத்தையும் அண்ணாச்சி வேண்டாமென்று சொன்னதே இல்லை. எல்லா இடமும் அவரை வேண்டாமென்று சொல்லியிருந்தது. அது மதினியின் காதில் விழக்கூடாது என்று, ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று, பழியை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

வண்டிக்குத் திரும்பினேன். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலை நோக்கி, "செரிப்படாது மதினி. வாசம் மண்டையப் பொளக்கு" என்றேன். அண்ணாச்சி மாட்டைத் தட்டினார்.

பொழுது சாயும்போது ஆரல்வாய்மொழி தாண்டி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொட்டல். மரம் கிடையாது, மனிதர் கிடையாது, காற்று மட்டும் ஆளைத் தூக்கியது. அண்ணாச்சி இடத்தைச் சுற்றிவரவில்லை. மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். நான் பின்பலகையை இறக்கினேன். காற்றில் ஒரு சட்டி எகிறி உருண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்து மதினி சிரித்தாள். பிறகு பக்கத்தில் கூப்பிட்டாள்.

"களத்துல உங்கிட்ட என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியும் தம்பி."

நான் சட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"வண்டிக்குச் சன்னல் வச்சது இவியதானே. அதுவழியாத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். போன எடத்துல எல்லாம் இவிய கையெடுத்துக் கும்பிட்டாவ. எறும்பப் பாத்து ஆராவது கும்பிடுவாவளா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுசன் ஒடிஞ்சு போவாவ. அதுக்குத்தான் இந்த ஏச்சு ஏசுகேன். நீ அவியகிட்ட ஒண்ணும் மிண்டாம இரு."

எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, அந்தக் காற்றில் யாருக்கும் கண் கலங்கும்.

அண்ணாச்சி திரும்பி வந்ததும் மதினி ஆரம்பித்துவிட்டாள். ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் ஒரு மரம்கூட இல்லாத இடத்தைக் கண்டுபிடித்தீர்களே என்று. அவர் தலையைக் குனிந்து அத்தனை ஏச்சும் வாங்கிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக ஏச்சு வாங்கின மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

காற்று இருந்தவரை அங்கே இருந்தார்கள். மதினியின் முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தது. மழைக்காலத்தில் அதுவும் போனது, அவளும் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் மரக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி அந்த வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்திருந்தார். விலைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் செரிப்படாது என்று அனுப்பிவிட்டாராம். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஒரு காரியத்துல எனக்கு நிம்மதி, மக்கா. ஒருத்தனும் எடம் தரல்லங்கது கடேசிவர அவளுக்குத் தெரியாது. ஒண்ணுக்கும் ஒத்துவராத மனுசன்னு என்னை ஏசிக்கிட்டே போய்ச் சேந்தா." நிறுத்தி என்னைப் பார்த்தார். "தெரியாதுல்லா?"

"தெரியாது அண்ணாச்சி. மதினிக்கு ஒண்ணும் தெரியாது."

"செரி மக்கா" என்றார்.

அவர் வாயால், பின்னால் 'படாது' சேராமல், அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.