முனியப்பன் குகையில் நான் பேசிய பேரம்

எனக்குப் பேய் பயமே கிடையாது. பிறந்ததிலிருந்து இருபத்து மூன்றாம் வயதில் ஒரு பிற்பகல் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது சேலத்தில் நாலு எழுத்துப் படித்துவிட்டு, குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்திருந்தேன். (அதற்குத் தடவிய எண்ணெயில் ஒரு கோயிலுக்கே விளக்கெரித்திருக்கலாம்.) கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. படம் பிடிக்க ஆள் வரவழைத்திருந்தார்கள். வாரிவிட்ட தலையோடு அந்தப் படத்தில் விழவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் இல்லை.

முதல் பத்திரிகையை முனியப்பனுக்கு வைக்க வேண்டுமென்று, மாமனாராகப் போகிறவர் என்னை வெண்ணந்தூருக்கு அப்பால் ஒரு பாறைப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனார். காக்கை சத்தம்கூட இல்லை. பாறையின் இடுப்பில் வரிசையாகக் குகைகள். அவர் சாமிக்கு முன்னால் பொங்கலுக்கு அடுப்பு மூட்டினார். நான் ஆராய்ச்சிக்குக் கிளம்பினேன்.

“அந்தப் பொடவுக்குள்ள போவாதீங்க மாப்பிள்ளை. ஆளுங்க குடியிருந்த எடமுங்க.”

“எப்பங்க மாமா காலி பண்ணிப் போனாங்க?”

“போயிட்டாங்கன்னு யாருங்க சொன்னா?”

சிரித்துக்கொண்டே அந்தக் குகைக்குள் நுழைந்தேன். சுவரில் புகைக்கரி. இன்னும் உள்ளே, பாறையில் வெட்டிய படுக்கை ஒன்று, வழவழவென்று. கை வைத்துப் பார்த்தேன். சற்றுமுன் யாரோ எழுந்துபோன மாதிரி சூடாக இருந்தது.

திரும்பினால் வந்த வழியைக் காணோம். பிடரியில் மூச்சுக்காற்று பட்டது.

“முனியப்பா!” என்று அலறினேன். பேரும் ஊரும் சொல்லித்தானே வேண்டிக்கொள்ள வேண்டும்? சொன்னேன். “தேங்கா ஒடைக்கிறேன்!”

இருட்டுக்குள்ளிருந்து, “ம்.”

சரி என்கிறதா, மேலே சொல் என்கிறதா, தெரியவில்லை.

“சேவல் அறுக்கறேன்!”

“ம்.” இப்போது கிட்டத்தில்.

“கெடா வெட்டறேன்!”

“ம்.” காதோரத்தில்.

“மொட்டை போட்டுக்கறேன் சாமி!”

அதன்பின் சத்தமே இல்லை. வலப்பக்கம் ஒரு பொந்தில் வெளிச்சம் தெரிந்தது. அதில் ஊர்ந்து வெளியே விழுந்தால், முனியப்பனின் முதுகுக்குப் பின்னால், பொங்கல் பானையிலிருந்து நாலடி தள்ளிக் கிடக்கிறேன். கரண்டியும் கையுமாக மாமனார் வெளிறிப்போய் நின்றார். பேர், ஊர் முதல் மொட்டை வரை எல்லாம் அந்தப் பொந்து வழியாக அவருக்குக் கேட்டிருந்தது.

“நீங்கதானே மாமா, விளையாட்டுக்கு ‘ம்’ போட்டது?” என்று கெஞ்சினேன்.

“நானுங்களா? உங்க சத்தம் ஒண்ணுதானுங்க எனக்குக் கேட்டுது.” பிறகு சொன்னார்: “வேண்டுதலை நிறுத்தி வெச்சுட்டுத் தாலி கட்டக்கூடாதுங்க மாப்பிள்ளை.”

“கல்யாணம் முடிஞ்சு...” என்று ஆரம்பித்தேன். இருவரும் அந்தப் பொந்தைப் பார்த்தோம்.

கல்யாணப் படத்தில் மாலைக்கு மேலே பளபளவென்று ஒரு மொட்டை இருக்கிறது. பார்க்கிறவர்கள், “பாவம், அப்பாவா அம்மாவா?” என்று கேட்பார்கள். இருவரும் எனக்குப் பக்கத்திலேயே திடகாத்திரமாக நிற்கிறார்கள்.

அன்று பந்தியில், “பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா?” என்று என் மனைவியிடம் முதன்முதலாகப் பேசினேன். நிமிராமல், “ம்” என்றாள். என் கையிலிருந்த தம்ளர் நழுவிவிட்டது. அதே குரல்.

நாற்பது வருடம் ஆயிற்று. பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் என் முதுகுக்குப் பின்னால் வந்து ‘ம்’ என்கிறார்கள்; கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிடுகிறது. குகைக்குப் போன அன்றைக்கு இவள் வீட்டைவிட்டு நகரவே இல்லை என்று மாமனார் கடைசிவரை சத்தியம் செய்தார். போன மாதம்தான் துணிந்து அவளிடமே கேட்டேன்.

“அன்னிக்கு உள்ளே இருந்தது நீதானா?”

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“ம்.”