சாம்பிராணி போட்ட குதிரைக் கொட்டடி

“...மோந்து பாக்குறாரு, மிசே. எங்க சிர்தார் தெனமும் இப்படித்தான். குதிரை மூக்கு எங்க இருக்கோ, அங்கதான் இவரு மூக்கும் இருக்கும்.”

பாக்கியம் இதைத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரிடம் (அவரைத்தான் மிசே என்போம்) எங்கள் தீவின் கிரியோல் மொழியில் சொன்னபோது, நான் குதிரைக் கொட்டடித் தரையில் குப்புறக் கிடந்தேன். புது வெள்ளைக் கால்சட்டை. வாயில் கரும்புச் சோகை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. என் வேலை பிழைத்தது அந்தப் பொய்யால்தான். (அவளை நான் கல்யாணம் செய்துகொண்டதற்கு அது ஒன்றே காரணம் என்பான் என் தம்பி. நம்பாதீர்கள், இன்னும் நாலைந்து உண்டு.)

எங்கள் தீவு சுதந்திரம் அடைவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தைய கதை. சுயாக் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில், கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என்னைக் குதிரை லாயத்துக்குச் சிர்தார் ஆக்கினார்கள். மேஸ்திரி வேலை. குதிரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கோயிலில் தமிழ் படிப்பேன், பிரெஞ்சில் கையெழுத்துப் போடுவேன். அது போதும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்துவிட்டேன்.

லாயத்தைச் சுத்தம் செய்வது பாக்கியம். என்னைவிட இரண்டு வயது இளையவள். அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். விடிந்ததும் குதிரையை வெளியே கட்டுவாள். மூத்திரத்தில் ஊறிய சோகையை ஒரு பிடி மிச்சமில்லாமல் வாரி எறிவாள். இரண்டு பக்கக் கதவையும் திறந்துவிட்டு, கடல்காற்றில் தரை உலரும்வரை யாரையும் கால் வைக்க விடமாட்டாள். பிறகு நீற்றிய சுண்ணாம்புப் பொடியைக் கோலத்துக்குத் தூவுவது போல மெல்லத் தூவுவாள். (நீறாத சுண்ணாம்பைக் கிட்டவே சேர்க்கமாட்டாள், குளம்பு வெந்துபோகும் என்பாள்.) அதன்மேல் காய்ந்த சோகையை மெத்தை மாதிரி பரப்பி, கடைசியில் மண்டியிட்டுத் தரையோரம் மூக்கை வைத்துப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் குதிரைக்கு அனுமதி.

“நின்னு மோந்தா தெரியாது, சிர்தாரே,” என்றாள் ஒருநாள். “காரமெல்லாம் கீழதான் நிக்கும். அது படுத்து மூச்சு விடுற எடம். நீங்களும் குனிஞ்சு பாருங்க.”

சிர்தார் குனிவதா? மிசேயின் செல்லக் குதிரை ரோஸின் கொட்டடியை இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று அறிவித்தேன். என் திட்டம் எளிது: அடியில் நனைந்ததை வாராமல், தினமும் மேலே புதுச் சோகை போடுவது. பொன்னாக மின்னியது. ஒரே வாரத்தில் நெடி கண்ணைக் கரித்தது, ரோஸ் இருமத் தொடங்கியது. சனிக்கிழமை மிசே வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, நாளைக் காலைக்குள் நாற்றம் போகாவிட்டால் திரும்பவும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதாவது பாக்கியத்தைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கோயிலுக்குப் போய்த் தூபக்காலை வாங்கி வந்தேன். எந்த நாற்றத்துக்கும் நம் ஆட்களிடம் சாம்பிராணி இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை காலை, வாசனை வெளியே ஓடிவிடாமல் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, ரோஸை உள்ளேயே வைத்துக்கொண்டு, அம்மன் திருவிழாவுக்குப் போடுகிற அளவு போட்டேன். என் கையே எனக்குத் தெரியவில்லை. ரோஸ் இருமியது, திமிறியது, ஓர் உதை விட்டது. தூபக்கால் பறந்துபோய் நான் அடுக்கிய பொன்னில் விழுந்து தீப்பிடித்தது.

கதவை உதைத்துத் திறந்தது பாக்கியம். தலைத்துணியை அவிழ்த்துக் குதிரையின் கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெளியே நடத்திப் போனாள். திரும்பி வந்து இரண்டே வாளித் தண்ணீரில் தீயை அணைத்தாள். அணைந்த தீயை அணைக்க நான் மூன்றாவது வாளியோடு வீரமாக ஓடி, வழுக்கி விழுந்தேன்.

முதல்முறையாக என் மூக்கு குதிரையின் மூக்கு இருக்கும் இடத்துக்கு வந்தது. பச்சை மிளகாயை அரைத்து உள்ளே அப்பியது மாதிரி இருந்தது. ஒரு வாரமாக ரோஸ் இதிலா படுத்திருந்தது? கண்ணில் தண்ணீர் கொட்டியது. (பாதி காரம், பாதி வெட்கம்.)

பக்கத்தில் பளபளவென்று இரண்டு பூட்ஸ். என்ன செய்கிறாய் என்று மிசே கேட்டார். வாயிலிருந்த சோகையைத் துப்பப் பார்த்தேன். அப்போதுதான் பாக்கியம் நான் முதலில் எழுதியதைச் சொன்னாள். மோந்து பார்த்துவிட்டு, முழுக்க வாரிக் காயவைக்க வேண்டும், சாயங்காலம்வரை குதிரை வெளியே நிற்கட்டும் என்று சிர்தாரே உத்தரவு போட்டதாகவும் சேர்த்துக்கொண்டாள். புகை எதற்கு என்று கேட்டார். “கொசுவுக்கு,” என்றாள், கண்ணிமைக்காமல்.

மிசே தொப்பியைக் கழற்றிக் குனிந்து, ஒரு மூச்சு இழுத்து, துள்ளி எழுந்தார். சிர்தார் சொன்னபடியே செய் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நடந்தார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதை நன்றாக இருக்கிறது என்றாலும், மீனோ, மாப்பிள்ளையோ, தேர்தலில் நிற்கிறவரோ, பிள்ளைகள் ஒரே குரலில் கேட்பார்கள்: “குனிஞ்சு மோந்தாச்சா, பாப்பா?” (இந்த ஊரில் அப்பாவுக்கு அதுதான் பேர்.) பாக்கியம் மட்டும் கேட்கமாட்டாள், சிரிப்பாள். அவள் கேட்க வேண்டியதை அன்றைக்கே, வாய் திறக்காமல், கேட்டுவிட்டாள். மிசே முதுகைத் திருப்பியதும் நான் எழப் பார்த்தேன். அவள் என் மூக்கு தரையைவிட்டு எழாதபடி விளக்குமாற்றுக் காம்பை முதுகில் ஊன்றி, அவருடைய கார் சத்தம் ஓய்கிறவரை எடுக்கவே இல்லை.