புல் பிடிக்கும் வரை

சுத்தம் சோறு போடும் என்று சொன்னவர் எந்த ஊர்க்காரரோ, நிச்சயமாக ஜொகூர் பக்கம் வந்திருக்க மாட்டார். எனக்கு வாய்த்த சுத்தம், தட்டில் இருந்த சோற்றையும் கவிழ்க்கப் பார்த்தது. அதுவும் ஊரே கூடி நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேண்டு வாத்தியத்தோடு.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்கு முன்பே பெக்கோக்கில் கொஞ்ச நாள், காஹாங்கில் கொஞ்ச நாள், உலு திராமில் கொஞ்ச நாள் என்று திரிந்தவன். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். (தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு எழுந்ததும் அதே அரிப்பால்தான்.) ஆகவே வேலை போனதில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. பசித்தது, அவ்வளவுதான். ஆனால் வேலையற்றவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். நான் பிறந்ததே பெக்கோக் தோட்டத்துக் கூலி லயத்தில். நாகப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த நாய்கூடக் கிடையாது.

அப்படி ஒதுங்கிய இடந்தான் ரயில் நிற்கும் அந்தச் சின்னப் பட்டணமும் அதன் பொதுப்பூங்காவும். நடுவில் அல்லி பூத்த ஒரு குளம். குளக்கரையில் பேண்டு வாசிப்பதற்கு ஒரு கூரை மேடை. சுற்றிலும் தூங்குமூஞ்சி மரங்கள். ஒரு பக்கம், குளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் புல்மேடு. சாயங்காலமானால் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் அந்த மேட்டில் பாய் விரித்து உட்காருவார்கள். பிள்ளைகள் கமுக மட்டையில் உட்கார்ந்து மேலிருந்து கீழே சறுக்குவார்கள். சறுக்கக் கூடாது என்று மூன்று பாஷையில் பலகை இருந்தது. பலகைக்குப் பக்கத்தில் மட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

பூங்காவுக்கு மேற்பார்வையாளர் கந்தையா என்கிற யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் குடை, குரலை உயர்த்தாத பேச்சு. மாதக்கணக்கில் தற்காலிகக் கூலியாக என்னைச் சேர்த்திருந்தார். எனக்கு முன்பிருந்தே வேலை பார்த்த பாக் சாலே என்ற மலாய்ப் பெரியவரும் நானும்தான் ஆட்கள்.

பூங்கா வாசலில் சவரிமுத்து என்பவர் தலையில் தட்டு வைத்துக் கச்சான், அதாவது வறுத்த வேர்க்கடலை, விற்பார். அவர் மகள் அருளம்மா காகிதத்தைச் சுருட்டிக் கூம்பு செய்து கச்சானை அளந்து போடுவாள். அந்தக் கூம்பு சுருட்டும் விரல்களைப் பார்த்துத்தான் என் உள்ளங்கால் அரிப்பு முதன்முதலாக நின்றது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சவரிமுத்துவிடம் பேசினேன்.

"தம்பி அந்தோணி, நீ கோயிலுக்கு வர்ற, குடிக்கிறதில்ல. எல்லாம் சரிதான்," என்றார். "நாளைக்கு உன்னைக் கப்பல்ல ஏத்திட்டா எம்பொண்ணு என்னா செய்யும்? வேலை நிரந்தரம்னு ஐயா வாயால சொல்லட்டும். அப்புறம் பேசுவோம்."

கந்தையா ஐயாவிடம் கேட்டேன்.

"வாற ஞாயிறு விளையாட்டு விழா. துரை வாறார்," என்றார். "பூங்காவைப் பார்த்துத் திருப்திப்பட்டால் உம்மட விஷயத்தைக் கதைக்கிறன். நான் ஜொகூர் பாருவுக்குப் போய் ஞாயிறு பின்னேர ரயிலில வருவன். பாதையில இலையைக் கூட்டும். பெஞ்சுகளைத் துடையும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றைக்கு நான் கல்லில் வெட்டி வைக்கத் தயார். அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே இலை கூட்டி முடித்தாயிற்று. பெஞ்சுகளும் பளபளத்தன. பாக் சாலே கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டார். நான் சும்மா உட்கார்ந்து புல்மேட்டைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கை மண்வெட்டியைத் தேடியது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது புரியாது. அந்த நாளில் ரப்பர் மரத்தடியில் ஒரு புல் தெரியக் கூடாது. செம்மண் மொட்டையாக, கூட்டிவிட்ட வாசல் மாதிரி இருக்க வேண்டும். நிரையில் ஒரு கொத்துப் புல் விட்டால் கணக்கெழுதும் கிராணி அரைப்பேர்தான் போடுவார், பாதிக் கூலி போச்சு. புல் என்றால் திருடன் என்று தாய்ப்பாலோடு குடித்தவர்கள் நாங்கள். இந்த மேட்டிலோ அகல இலைப் புல், இடையிடையே தொட்டாற்சுருங்கி, ஓரத்தில் காட்டுப் பெரணி, அதன்மேல் பட்டாம்பூச்சிக் கூட்டம். கந்தையா ஐயா படித்தவர், மேட்டிலே வேலை செய்ய ஆள் இல்லாமல் விட்டுவைத்திருக்கிறார் என்று நினைத்தேன். துரை இதைப் பார்த்தால் ஐயா மானம் என்ன ஆவது? (என் கல்யாணம் என்ன ஆவதுங்கிறதுதான் நிசமான கவலை.)

ஒற்றை ஆளாக முடியாது. ரயிலடிக் கொட்டகையில் காஹாங் தோட்டத்து ஆட்கள் சிலர் வேலையில்லாமல் முடங்கிக் கிடந்தார்கள். போய்ச் சொன்னேன்.

"கூலி உண்டா?" என்றான் வீரன். காஹாங்கில் என்னோடு ஒரே லயத்தில் இருந்தவன்.

"தேத்தண்ணி உண்டு. கச்சான் உண்டு."

"மண்வெட்டி உண்டா?"

"பூங்காக் கொட்டகை நிறைய இருக்கு."

"அப்ப வாடா. கையெல்லாம் காய்ப்பு உதிர்ந்துபோய் பொம்பளை கை மாதிரி ஆயிருச்சு."

இதைச் சொல்லும்போதுகூட எனக்கு அந்தக் காலை கண்ணுக்குள் நிற்கிறது. மேட்டின் அடியில் வரிசையாக நின்றோம். ஆளுக்கொரு நிரை. யாரும் சொல்லாமலே மண்வெட்டிகள் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. வீரன் ஒரு வரி எடுத்துவிட, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பல மாதமாகத் தலை குனிந்து திரிந்த ஆட்கள், அன்றைக்கு ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு வெட்டினார்கள். "ஏய், உன் நிரையில மயிர் நிக்குது பாரு, அரைப்பேர்தான் உனக்கு." "நீ என்னா பெரிய கிராணியா லா?" பொழுது சாய்வதற்குள் மேடு முழுவதும் வழித்துவிட்ட தலை மாதிரி ஆனது. பெரணியும் போயிற்று, தொட்டாற்சுருங்கி வேரோடு போயிற்று. செம்மண் சூரிய ஒளியில் தகதகத்தது. நாங்கள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தோம்.

"துரை பார்த்தா முழுப்பேரு," என்றான் வீரன்.

அருளம்மா கச்சான் கொண்டுவந்தாள். மேட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை.

"புல்லு எங்க?" என்றாள்.

"எடுத்தாச்சு."

"யாரு எடுக்கச் சொன்னாங்க?"

"சொல்லி வேற செய்யணுமா?"

"நாளைக்கு எல்லாரும் எதுல உக்காருவாங்க?"

பெண்களுக்குத் தோட்ட வேலை நுணுக்கம் தெரியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு காலை, பூசை நடந்துகொண்டிருந்தபோதே மாதா கோயில் கூரையில் மழை இறங்கியது. ஜொகூர் மழைக்கு அறிமுகம் தேவையில்லை. சாமியார் பிரசங்கம் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஏதோ கேட்பதுபோல் இருந்தது, தூரத்தில் மண் கரைகிற சத்தம். பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அப்படியே எழுந்து பூங்காவுக்கு ஓடினேன்.

மேட்டைக் காணவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் பாதி மேடு குளத்துக்கு வந்திருந்தது. அல்லிப் பூக்கள் பாலூற்றிய தேத்தண்ணியில் மிதந்தன. மீதி மேடு எண்ணெய் தேய்த்த சிவப்பு முதுகுபோல் மின்னியது. பாக் சாலே வந்து என் பக்கத்தில் நின்றார். "அலமாக்," என்றார், நம் ஐயையோ மாதிரி. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தனக்குக் காய்ச்சல் என்று சைகையால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மதியம் வெயில் அடித்தது. மழை பெய்தால் விழாவை நிறுத்துகிற வழக்கம் அந்த ஊருக்கு இல்லை. ஜனங்கள் பாயும் கூடையுமாக வந்தார்கள், உட்கார இடம் இல்லாமல் குளக்கரையில் நெருக்கியடித்து நின்றார்கள். பேண்டு தொடங்கியது. துரையும் துரைசானியும் கீழ்வாசல் வழியாக வந்து மேடையருகே நாற்காலியில் அமர்ந்தார்கள். துரைசானி வெள்ளை உடுப்பு. நான் ஒரு தூங்குமூஞ்சி மரத்துக்குப் பின்னால்.

கந்தையா ஐயா ரயிலிலிருந்து நேரே மேல்வாசலுக்கு வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் பூத்த ஆர்க்கிட் தொட்டி, துரைசானிக்குக் கொடுப்பதற்கு. எப்போதும் அவர் பாதையில் வரமாட்டார். தான் வளர்த்த புல்மேல் நடந்து இறங்குவதுதான் அவருக்குப் பெருமை. அன்றைக்கும் கீழே துரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தார்.

விழுந்தார் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்தார். உட்கார்ந்த நிலையில், முதுகு நேராக, தொட்டியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி, மேட்டின் உச்சியிலிருந்து அடிவரை ஒரே சீராக வந்தார். குடை மட்டும் தனியாக இன்னொரு வழியில் வந்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். பெரிய மேளக்காரர் மட்டும், ஐயா துரையின் காலடியில் வந்து நின்ற அந்தக் கணத்தில், கை தவறி ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

ஆர்க்கிட்டில் ஒரு இதழ்கூட உதிரவில்லை. ஐயா உட்கார்ந்தபடியே அதைத் துரைசானியிடம் நீட்டினார்.

அந்த அமைதியில் மேட்டின் மேலிருந்து ஒரு பிள்ளையின் குரல் கணீரென்று கேட்டது: "ஐயாவே சறுக்கிட்டாரு. வாங்கடா."

அவ்வளவுதான். தமிழ், மலாய், சீனம் என்று எல்லாப் பிள்ளைகளும் கமுக மட்டையோடு பாய்ந்தார்கள். புல்லில் சறுக்கியதெல்லாம் ஒரு சறுக்கலா என்கிற வேகம். சேறு தெறித்து துரைசானியின் வெள்ளை உடுப்பில் செம்புள்ளி வைத்தது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துரை சிரிக்கவில்லை.

கந்தையா ஐயா எழுந்தார். கோட்டின் முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் ஜொகூர் மண். "ஆர் செய்தது உது?" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "நான்தாங்கய்யா."

"ஏன் காணும்?"

"ஒரே புல்லா கெடந்துச்சுங்க. தோட்டத்துல இப்படி விட்டா..."

"புல்லு வளர்க்கத்தான் எனக்குச் சம்பளம் தருகினம்."

துரை ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் கப்பல் சங்கு ஊதியதுபோல் எனக்குக் கேட்டது. ஐயா சேறு சொட்டச் சொட்ட நின்று, ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். துரை அவர் பின்பக்கத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்னங்கய்யா சொன்னாங்க?"

"உம்மை நாளைக்கே அனுப்பச் சொன்னார். கெடுத்தவனே நடட்டும், புல்லுப் பிடிக்குமட்டும் இவன் இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது எண்டு நான் சொன்னனான்." குடையைப் பொறுக்கி மடக்கினார். "அதுக்குப் பிறகு உம்மட விருப்பம்."

வாசலில் சவரிமுத்து காத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டவர் முகம் அது.

"வேலை நிரந்தரமா தம்பி?"

"புல்லு பிடிக்கிற வரைக்கும் மாமா."

"அது எப்ப?"

கூம்பு சுருட்டிக்கொண்டிருந்த அருளம்மா தலை நிமிராமல், "இவரு நட்டா லேசுல பிடிக்காதுப்பா," என்றாள்.

அதை என் குறையாகச் சொன்னாளா, அப்பாவுக்குக் கொடுத்த உறுதியாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

நட்டேன். கொத்துக் கொத்தாகப் புல்லைக் கொண்டுவந்து, குழி பறித்து, ஒவ்வொன்றாக. பாக் சாலேக்கும் காய்ச்சல் விட்டது, வந்து கூட நட்டார். மேடு மெல்லப் பச்சை பிடித்தது. நடுவில் ஒரு கோடு மட்டும் சிவப்பாகவே நின்றது, ஐயா இறங்கி வந்த அதே தடம். பிள்ளைகள் அந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். அவர்களை விரட்டுவது என் வேலை. அந்த நேரம் பார்த்து எனக்குக் குளத்துப் பக்கம் ஏதாவது சோலி வந்துவிடும்.

மாதம் பிறந்தால் கந்தையா ஐயா வந்து மேட்டைப் பார்வையிடுவார். சிவப்புத் தடத்தின் மேலே கமுக மட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் அதைப் பார்க்காமல் குளத்து அல்லியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் பிடிக்கேல்லை," என்பார். என் கல்யாணத்துக்கு அடுத்த நாளும் அதையேதான் சொன்னார். ரப்பர் விலை திரும்ப ஏறி, வீரனும் மற்றவர்களும் காஹாங்குக்கே திரும்பிப்போன பிறகும் சொன்னார்.

எனக்கு அவ்வப்போது உள்ளங்கால் அரிக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கம் காரணமில்லாமல் கிளம்புவேன். அடுப்படியிலிருந்து குரல் வரும்: "என்னா, புல்லு பிடிச்சிருச்சா?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். இப்போது பேரப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் செருப்பைத் தேடினாலே போதும், வீட்டின் நாலு மூலையிலிருந்தும், யாழ்ப்பாணத்தையே பார்த்திராத வாய்களால், "இன்னும் பிடிக்கேல்லை" என்கிறார்கள்.