சீராக வந்த மதிலுக்கு இன்றைய விலை

டெலானிபூர், போர்ட் பிளேர்
ஜூலை 18, வெள்ளி

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பழனிசாமி அவர்கள் சமூகத்திற்கு, கோவிந்தராஜ் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை சந்திரமதியும் மகன் அஸ்வினும் நலம். தாங்களும் அமிர்தவல்லி அவர்களும் தங்கள் செங்கல் சூளையும் குறைவின்றி இருக்க வேண்டுகிறோம்.

எங்கள் தோட்டத்து மதிலைத் திரும்ப எழுப்ப இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூறு ரூபாய் ஆகும். நேற்று மாலை நான்கு நாற்பதுக்கு இது உறுதியானது. ஆதாரம்: ஒப்பந்தக்காரர் யோகராஜ் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள். மதில் விழுந்த செய்தி இதற்குப் பதினான்கு நாள் முந்தியது. முப்பத்தாறு வருடம் பத்திரிகையில் இருந்தவனுக்குப் புதியதை முதலில் சொல்லித்தான் பழக்கம். தாங்கள் இந்த வரியில் அதிர்ந்திருந்தால் அது வரிசையின் குற்றமே தவிர என் குற்றமில்லை.

இனி விவரம். ஜூலை 3, வியாழன், காலை ஆறு பத்துக்கு, இரண்டு நாள் விடாத மழைக்குப் பின், அறுபதடி நீள மதிலில் நாற்பத்திரண்டு அடி சரிவுப் பக்கமாக விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கீழ் குவார்ட்டர்ஸ் விஜயனின் ஸ்கூட்டருக்கு ஒரு கண்ணாடி போயிற்று. நேரில் கண்ட முதல் சாட்சி சந்திரமதி. "ஏங்க, எங்கண்ணன் குடுத்த செவுரு போச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் நான் எழுந்தேன். அதற்கு முந்தைய நாள், அதாவது ஜூலை 2 அன்று, அதே தோட்டத்தில் என் பெயர் பொறித்த கருங்கல் பலகை ஒன்று நிறுவப்பட்டது. அது வேறு செய்தி. முழுமைக்காகக் குறிப்பிடுகிறேன்.

அந்த மதிலின் வரலாறு தங்களுக்குத் தெரியாததல்ல. 1996இல் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எல்லாத் தாய்மாமன்களும் பித்தளை அண்டாவும் பட்டும் சீர் கொண்டுவர, தாங்கள் மட்டும் மூவாயிரம் செங்கல்லைக் கப்பலில் ஏற்றி அனுப்பினீர்கள். இந்தத் தீவில் மதிலைச் சீராகப் பெற்றவன் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை. கல் ஒவ்வொன்றிலும் பி.எஸ். என்று தங்கள் சூளையின் முத்திரை. பூச வேண்டாம், முத்திரை தெரியட்டும் என்று தாங்கள் கேட்டுக்கொண்டபடியே விட்டோம். அதன் விளைவைத் தாங்கள் அறிய மாட்டீர்கள். இருபத்தொன்பது வருடமாக இந்த வீட்டுக்குப் பி.எஸ். வீடு என்றுதான் பெயர். சிலிண்டர் கொண்டுவருகிறவன் "பி.எஸ். வாலா கர்" என்கிறான். பக்கத்து வீட்டு ரூபா, பிறந்து வளர்ந்ததே இங்குதான், என்னைப் பி.எஸ். அங்கிள் என்றே கூப்பிடுகிறாள். என் பெயர் கோவிந்தராஜ் என்பதைத் தபால்காரர் மட்டும் ஒப்புக்கொள்கிறார், அதுவும் பதிவுத் தபாலுக்கு.

விழுந்த அன்று நான் ஒரு தவறு செய்தேன். கற்களைப் பொறுக்காமல் அளவெடுத்தேன். நீளம், அகலம், சரிந்த கோணம் எல்லாம் குறித்துக்கொண்டு பத்து மணிக்கு நிமிர்ந்தால் முழுக்கல்லில் பாதிக்கு மேல் காணவில்லை. மெயின்லேண்ட் செங்கல் கேட்பாரற்றுக் கிடந்தால் இந்த ஊரில் யார் விடுவார்கள்? வீடு வீடாகப் போய் விசாரித்தேன். ரூபா ஒளிக்கவில்லை. நான்கு கல்லை வாஷிங் மெஷினுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தாள்.

"அங்கிள், மெஷின் இப்ப ஹில்லவே இல்ல. முன்னாடி சுத்துனா கிச்சன் வரைக்கும் நடந்து வரும். இப்பப் போயி கல்ல எடு, நிகாலோன்னா எப்படி?"

"அது என் மதிலும்மா."

"உங்க மதில்னு யாரு சொன்னா? கல்லுல பி.எஸ்.னு போட்டிருக்கு. நீங்களே பி.எஸ்.தானே, அப்புறம் என்ன டென்ஷன்? சாய் குடிங்க."

குடித்தேன். கோழிக்கூட்டில் ஆறு, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எட்டு, துளசி மாடமாகப் பதினொன்று என்று கணக்கெடுத்து, கடைசியில் ஏழு கல்லும் இரண்டு பப்பாளியும் பெற்றுத் திரும்பினேன். ஆனால் மச்சான், ஒன்று சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டிலும் ஒரு கல்கூட உடைந்திருக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து உருண்டும். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது; எங்க மச்சான் சூளைக் கல்லு என்று எல்லா வீட்டிலும் நானே சொல்லிவிட்டு வந்தேன்.

விழுந்ததற்கான காரணத்தைப் பார்க்க முனியாண்டி கொத்தனார் வந்தார். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், அதிகம் பேச மாட்டார். அஸ்திவாரத்து ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கல்லுல கொற இல்லீங்க ஐயா. மண்ணுலயும் கொற இல்ல. அடியில யாரோ ரெண்டடி தோண்டியிருக்காங்க. தண்ணி பூந்திருச்சி."

"யாரோன்னா?"

"அத நான் எப்படிங்க சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவர் என் கருங்கல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்திருக்கிறேன். சுதந்திரமான இரண்டாவது ஆதாரம் இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே காரணம் மழை என்றே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து யோகராஜ். வந்ததும் வராததுமாக, "சார், ஹாலோ பிளாக் போட்டா பாதி ரேட்டுல முடிச்சிரலாம். இப்ப யாரு சார் செங்கல்ல கட்டுறா?" என்றான்.

"செங்கல்தான்."

"மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வரணும் சார். இங்க மேட்டுல ஏத்தி முடிக்கறப்ப கல்லு ஒண்ணு முப்பத்தெட்டு ரூபா நிக்கும். ஏன் சார் பிடிவாதமா ஜித் பண்றீங்க?"

"செங்கல்தான் யோகராஜ். எழுதிக் குடு."

தங்கள் சூளை வாசலில் ஒன்பது ரூபாய்க் கல், என் வாசலில் முப்பத்தெட்டு. இதைக் கேட்டு நான் வருந்துவேன் என்றுதான் யோகராஜ் நினைத்தான். நானோ அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். "ரெண்டு லட்சத்துக்கு மதிலா!" என்று அங்கே ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். உங்க ஊர்ல மதில் டிராக்டர்ல வருது மச்சான், என் மதில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடலத் தாண்டி வருது. அதுக்கு ஒரு விலை இருக்கத்தானே செய்யும்?

ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 29 அன்று ஹேவ்லாக் தீவிலிருந்து பெண் வீட்டார் அஸ்வின் சம்பந்தமாக மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். தாய்மாமனாகத் தாங்களும் இருப்பீர்கள். அன்று யாராவது இது யார் கட்டிய மதில் என்று கேட்டால், ஒரு தடவையாவது, நான் என்று சொல்ல வேண்டும். சீராகக் கொடுத்தது விழுந்தால் கொடுத்தவரே எழுப்பித் தர வேண்டும் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதன்படி தாங்கள் கல் அனுப்பக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம். போனில் சொன்னால் காதிலேயே வாங்க மாட்டீர்கள். தங்கள் சீருக்கு இதில் ஒரு குறைவும் இல்லை. இது என் செலவு, என் மதில். கோபப்படாமல் சம்மதம் தர வேண்டும்.

அமிர்தவல்லி அவர்களுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிமிர்ந்த சுவருமாக வாழ என் ஆசிகள்.

நிலுவையில் உள்ளவை: தங்கள் சம்மதம், அடுத்த சனிக்கிழமைக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. யோகராஜ் சொல்லும் கல், ஆகஸ்ட் 6ஆம் தேதிக் கப்பலில், வானிலை இடம் கொடுத்தால். மதில் விழுந்ததற்கான காரணம், தேதி அறிவிக்கப்படவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மு. கோவிந்தராஜ்

பின்குறிப்பு: அண்ணே, சந்திரமதி எழுதுறேன். ஒட்டிட்டு வான்னு கவரக் குடுத்துட்டு இவுக குளிக்கப் போயிருக்காக. ரெண்டாவது ஆதாரம் கெடைக்கலையாம்ல, அது நான்தான். பலகை நட, மதிலு ஓரமா ரெண்டடிக் குழிய இவுகளே கடப்பாரை வச்சுத் தோண்டுனாக. வேணாம்னு நான் மூணு தடவ சொன்னேன். நீ போன்ல சொன்னபடி, நம்ம சூளைக் கல்லு லாரி ஏறுனத இன்னும் இவுககிட்டச் சொல்லல. மதினிகிட்டயும் சொல்லி வையி, லெட்டர் வந்ததும் ஒண்ணும் தெரியாத மாதிரியே படிங்க. சம்மதம்னும் எழுதிரு, பாவம். யோகராஜ் கல்லுன்னே இவுக நெனைக்கட்டும், முத்திரைய உள்பக்கமாத் திருப்பிக் கட்டச் சொல்லி முனியாண்டிகிட்ட நான் பேசிக்கிறேன். பலகைக்கு ஒண்ணும் ஆகல, குத்துக்கல்லு மாதிரி நிக்கிது. இந்தத் தடவ மதில அதுல சாத்தித்தான் கட்டச் சொல்லணும், விழுகாது.