ஜுபைலில் தனியாகப் பேச ஓர் இடம்

அறந்தாங்கி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த உண்ணாமலைச் சின்னம்மாவுக்கு,

உங்கள் அக்கா மகள் இலக்கியா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் போன வாரம் கன்று போட்ட பசுவும் நலம். திருவரங்குளத்தில் நீங்களும் சித்தப்பாவும் சித்தப்பாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் இருவரும் விசிட் விசாவில் சவுதிக்கு, ஜுபைலுக்குப் போகப்போவதாகச் சொல்லி, அங்கே பார்க்க என்னவெல்லாம் இருக்கிறது என்று போனில் கேட்டீர்கள். அப்போது நான் பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தன் போனை அணைத்துவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்ததால் "நல்லா இருந்துச்சு" என்று முடித்துக்கொண்டேன். கோபி அண்ணனிடம் கல்யாணப் பேச்சைத் தனியாக எடுக்க வேண்டும், அதற்குத் தோதான இடமாகச் சொல்லு என்றும் கேட்டீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் நாங்களும் அப்படி ஓர் இடம் தேடித்தான் போனோம்.

அப்பா அங்கே பைப் ஃபிட்டராகப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. லீவில் வந்தால் மாடி எழுப்புவது, போர் போடுவது, யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பந்தி கவனிப்பது என்று நாள் ஓடிவிடும். போனில் கேட்கலாம் என்றால் கம்பெனி கேம்ப்பில் ஒரே அறையில் ஆறு பேர், அதில் ஒருவர் உங்கள் மகன் கோபி அண்ணன். "எப்ப மொத்தமா வாறீங்க?" என்று அப்பாவிடம் நேருக்கு நேர், பக்கத்தில் ஆள் இல்லாமல் கேட்க வேண்டும். அம்மா விமானம் ஏறியது அதற்கு மட்டும்தான். என்னிடம்கூட அதைக் கிணற்றடியில் மோட்டார் ஓடும்போதுதான் சொன்னாள்.

ஆனால் நாங்கள் போகிற செய்தி பரவியதும் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜுபைலில் மகனோ புருஷனோ இருக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பார்சல். "ரெண்டே ரெண்டு முறுக்குதான்" என்று கொண்டுவந்ததைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதிரசம், இட்லிப்பொடி, நார்த்தங்காய், ஜெகதாப்பட்டினத்துக் கருவாடு (கருவாடு உங்களுடையது, மறந்திருக்க மாட்டீர்கள்). அம்மா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தன் சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைசியில் கட்டியிருந்தது போக மாற்றுக்கு ஒரே ஒரு சேலையோடு அயல்நாட்டுப் பயணம் கிளம்பினாள். திருச்சியில் பெட்டியை எடை போட்ட பெண் கேள்வி கேட்கவில்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

அங்கே ஆத்மநாதன் மாமா வீட்டில் தங்கினோம். அறந்தாங்கிக்காரர், வேன் ஓட்டுகிறவர், தங்கமானவர். ஆனால் வீட்டில் ஆண்கள் எல்லாம் ஹாலில், பெண்கள் எல்லாம் உள்ளறையில். அம்மாவும் அப்பாவும் சந்தித்துக்கொண்டது சாப்பாட்டு நேரத்தில், மாமாவின் குடும்பம் முழுவதும் முன்னிலையில், "ரசம் போடவா?" என்கிற அளவில்தான். சரி, வெளியே சுற்றிப் பார்க்கப் போகும்போது பேசிக்கொள்ளலாம் என்று அம்மா பொறுத்திருந்தாள். அப்பாவோ ஒரு திட்டம் போட்டிருந்தார். "பார்சலக் குடுக்க கேம்ப் கேம்ப்பா அலைய வேணாம். நாம போற எடத்துக்கே அவுங்கள வரச் சொல்லிட்டேன். ஊரப் பாத்த மாதிரியும் ஆச்சு, பார்சலக் குடுத்த மாதிரியும் ஆச்சு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அம்மா பார்சல்களைப் பெயர் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

முதலில் கடற்கரைப் பூங்கா. புல்வெளி, ஈச்ச மரங்கள், அழகான நீலக்கடல். எல்லாம் எனக்குத்தான், அம்மா பார்க்கவில்லை. அவளைச் சுற்றி ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள், கடல் அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. "அத்தை, எங்க தெருவுல ரோடு போட்டாய்ங்களா?" "அக்கா, எங்க ஆத்தா கம்பு ஊனாம நடக்குதா?" "எம்மவ பெருசா தெரியுறாளா, சின்னதா தெரியுறாளா?" அம்மா ஒவ்வொருவருக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். மகளைப் பற்றிக் கேட்டவர், பிள்ளை பிறந்த பிறகு இன்னும் ஊருக்கே வரவில்லையாம். அவருக்காக அம்மா எழுந்து நின்று, தன் இடுப்புக்கு மேலே கையை வைத்து, "இந்தா, இம்புட்டு ஒசரம்" என்று காட்டினாள். அவர் அந்தக் கை இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து, குளிர்சாதனம் போட்ட பெரிய கடைவளாகம். அப்பா எங்களை நேராகக் காய்கறிப் பகுதிக்குக் கூட்டிப்போய், பிளாஸ்டிக் தாளில் நகை மாதிரி சுற்றி வைத்திருந்த முருங்கைக்காயைக் காட்டி, "பாத்தியா, நம்ம கொல்லையில கேக்க ஆளில்லாமக் கெடக்குமே!" என்றார். நாங்கள் அதை வியந்துகொண்டிருந்தபோது உங்கள் கருவாட்டைக் கோபி அண்ணன் வாங்கி, 'சும்மா மோந்து பாக்குறேன்' என்று கட்டை அவிழ்த்துவிட்டார். சின்னம்மா, ஏசி காற்று எவ்வளவு நேர்மையானது தெரியுமா? கருவாட்டு வாசத்தை எல்லா மூலைக்கும் சமமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடைக் காவலாளி மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார். உடனே நம் ஆட்கள் அத்தனை பேரும் மூக்கைச் சுருக்கி அங்கிட்டும் இங்கிட்டும் தேடினார்கள். அப்பாவும் தேடினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா தனக்கு மிகவும் பிடித்த இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். ஆத்மநாதன் மாமா வேனை எடுத்தார், இடமிருந்த வரைக்கும் ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். மலையோ கோட்டையோ என்று நினைத்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆலைகள். போட்டோ எடுக்கக்கூடாது, இறங்கக்கூடாது, மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்க்கலாம். "அந்தா, மூணாவது கோபுரம் தெரியுதா? அதுல ஏறி அங்கிட்டு வளையுது பாரு, அந்த பைப்பு நாங்க போட்டது." உடனே வேனுக்குள் ஆளாளுக்கு அவரவர் பைப்பைக் காட்டத் தொடங்கினார்கள். ஒரே பைப்பை இரண்டு பேர் சொந்தம் கொண்டாடியதில் கொஞ்சம் சண்டையும் வந்தது. ஓர் உயரமான புகைபோக்கியின் உச்சியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா, "எரியுதேங்க, யாரும் அணைக்க மாட்டாங்களா?" என்று பதறினாள். "எரியணும், அதுதான் பாதுகாப்பு. அணைஞ்சாத்தான் நாங்க ஓடணும்" என்றார் அப்பா. தனியாக இருந்தால் அப்போதே கேட்டிருப்பாள். வேனில் அத்தனை பேர்.

ஆகவே கடைசி மாலை நான் துணிந்தேன். அதே கடற்கரைப் பூங்கா, அதே ஊர்க்காரர்கள், வழியனுப்ப வந்திருந்தார்கள். நான் வாய் திறந்து பேசாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் எல்லோரையும் பார்த்து, "இங்கிட்டு வாங்க, ஊர்ச் செய்தி இன்னும் நெறைய இருக்கு" என்று புல்வெளியின் மறுகோடிக்குக் கூட்டிப்போனேன். தெரிந்த செய்திகள் கால்மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. மீதிக்கு நானே பொறுப்பு. இரண்டு கல்யாணங்களை நிச்சயம் செய்தேன், ஒரு வாய்க்காலைத் தூர் வாரினேன். உங்கள் வீட்டு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. கோபி அண்ணன் கேட்டால் தயவுசெய்து ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், மிகவும் சந்தோஷப்பட்டார்.

தூரத்தில் அந்த இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மாவின் கைப்பை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது கைப்பை அப்பாவின் மடியில் இருந்தது.

திரும்பி வரும் விமானத்தில் மெதுவாகக் கேட்டேன். "கேட்டியாம்மா?"

"கேக்கல."

"ஏம்மா! நான் அம்புட்டுப் பொய் சொன்னேனே!"

"அந்த எடத்துல இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் சும்மா உக்காந்திருக்கீகளான்னு கேட்டேன். இல்லங்கிறாரு. ஆரு கூட உக்கார்றதுங்கிறாரு. மனுசன் இப்பத்தான் மொதமொதலா உக்காந்திருக்காரு, அதுக்குள்ள எந்திரிங்கன்னா சொல்றது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனவே சின்னம்மா, என் யோசனை இதுதான். யாரிடமும் பார்சல் வாங்காதீர்கள். கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த அன்றே, ஊருக்குத் தெரிவதற்கு முன்பே, கோபி அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசிவிடுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தையும் முழங்காலுக்கு என் விசாரிப்பையும் சொல்லுங்கள். திருவரங்குளத்துச் சிவன் உங்கள் பயணத்துக்கும் பெட்டியின் எடைக்கும் துணை நிற்கட்டும்.

அன்பு மகள்,
இலக்கியா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா போன் செய்தார். அம்மா பால் கறந்துகொண்டிருந்ததால் நான்தான் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். சொசைட்டிக்குப் பால் எடுக்க வந்தவர் பக்கத்தில் நிற்கிறார், அந்தப் பக்கம் ஆறு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கன்று பால் குடிக்கிறதா என்று அப்பா கேட்டார். அம்மா கையை நிறுத்தாமல், குரலையும் தாழ்த்தாமல், "குடிக்குது, குடிக்குது. நீங்க எப்ப மொத்தமா வாறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அங்கே தட்டுச் சத்தம் நின்றது. பிறகு கோபி அண்ணனின் குரல்தான் முதலில் வந்தது: "பெரியம்மா, பெரியப்பா போன வாரமே வேலைய விடுறேன்னு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாரு! நீங்க கேக்கட்டும்னு உக்காந்திருக்காரு!" அப்பா, "சும்மா இருடா... தையில வாரேன்" என்றார். பால்காரர் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதிய யோசனை எதையும் கேட்காதீர்கள். கல்யாணப் பேச்சை எல்லோரும் இருக்கும்போதே எடுங்கள். அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள், அதையும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.